ராடு ஈரம்

“இந்த ராடுல எவன் வெல்டிங் பண்ணுவான்? அத்தனையும் ஈரம்.”

பட்டறை முழுக்கக் கேட்கும்படி மாமனார் சத்தம் போட்டார். கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட அதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் காலையில் பற்றவைத்த படிகளில் ஒன்று தரையில் இரண்டாகக் கிடந்தது. மழலைப் பள்ளி ஒன்றின் மாடிக்குப் போகவேண்டிய இரும்புப் படிக்கட்டு. சுத்தியலால் தட்டிப் பார்த்ததும் இணைப்பு விட்டுவிட்டது. உள்ளே ஊசியால் குத்தினாற்போல் துளைகள்.

ஈரம் ஏறிய வெல்டிங் ராடில் பற்றவைத்தால் அப்படித்தான் ஆகும். ராடுகளைச் சூட்டுப் பெட்டியில் காயவைத்து எடுத்துக் கொடுப்பது மருமகளின் பொறுப்பு.

“பெட்டியைச் சரியா மூடாம விட்டுட்டேன் மாமா. தப்பு என்னோடதுதான்,” என்றாள் அவள், தலை நிமிராமல்.

“போன தடவையும் இதே பேச்சுத்தான் பேசின. ஸ்டோர் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டா மட்டும் போதாது. வேலையில கவனம் வேணும்.”

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்டோருக்குள் போய்விட்டார்.

மகன் மனைவியை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். முகம் கடுகடுவென்று இருந்தது.

“பெட்டி நல்லா மூடித்தான் இருந்துச்சு. நானே பார்த்தேன். இல்லாத தப்பை எதுக்கு இழுத்து உன் மேல போட்டுக்கிற?”

அவள் உள்ளே தரையில் கிடந்த படியைத் திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லு. உன்னைப் பொறுப்பில்லாதவள்னு பட்டறையே பேசுது.”

“அதே பெட்டியில இருந்து எடுத்த ராடுலதானே நீங்களும் பண்ணினீங்க? உங்க இணைப்பு எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

“மாமாவுக்குக் கண்ணு மங்கிட்டே வருதுங்க. ராடு இரும்பைவிட்டு எட்ட நிக்கிறது அவருக்குத் தெரியல. அதான் துளை விழுது. காலமெல்லாம் சுத்தமான கைன்னு பேர் எடுத்த மனுஷன். நாலு பேர் முன்னாடி அவர்கிட்ட இதை எப்படிச் சொல்றது? பழி ராடு மேலயே போகட்டும்னு விட்டுட்டேன். அவர் பண்ணினதை எல்லாம் நீங்க பிரிச்சு மறுபடி பண்ணிடுங்க.”

ஆனாலும் அவள் திட்டு வாங்குவதை அவனால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று ஸ்டோரை நோக்கி நடந்தான். “வேணாங்க, விட்டுடுங்க” என்று அவளும் பின்னாலேயே ஓடினாள்.

அப்பா சூட்டுப் பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி திறந்திருந்தது.

“அப்பா, இனிமே அவளைத் திட்டாதீங்க. ராடு வந்து...”

“காஞ்சுதான் இருக்கு. காலையில அவ கொடுத்தப்பவே தொட்டுப் பார்த்தேன்.”

மருமகளும் அதற்குள் உள்ளே வந்துவிட்டாள்.

“தெரிஞ்சுமாப்பா அத்தனை பேர் முன்னாடி அவளை...” என்றான் மகன்.

அவர் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். குரல் வெகுவாகத் தணிந்திருந்தது.

“செய்யாத தப்புக்குத் திட்டினா எதிர்த்துப் பேசுவ, ‘உங்க கண்ணுதான் சரியில்ல’ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவன்னு நினைச்சேன்மா. நானா வெல்டிங் ஹோல்டரைக் கீழ வெச்சு வேலையை விட எனக்குத் தைரியம் வரல. நீ என்னடான்னா, ஒவ்வொரு தடவையும் என் மானத்தைக் காப்பாத்தி, திரும்பவும் அந்தப் பிள்ளைங்க ஏறப்போற படிக்கட்டுக்கே என்னை அனுப்பி வெச்சுட்ட.”