ஓர் எட்டு போடுகிறார்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் போட்டிருக்கிறது. தொற்றில் இறந்தவர்களைக் கணக்கெடுக்கும் அந்த அறையில், இறந்துவிட்டதாகப் பதிவாகியிருந்த தையல்காரர் வெள்ளைப் பலகைக்கு முன்னால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாய்க்கு விளங்காமல், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஓடிவந்தவர் அவர். கட்டில் காலியென்றால் ஆள் போய்விட்டார் என்று எழுதிக்கொண்ட நாட்கள் அவை. “தடுப்பூசி போடப் போனா, இவர் உயிரோடவே இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க மேடம்,” என்று அவர் மனைவி சிரிப்பை அடக்கமாட்டாமல் சொல்கிறாள். கணினியில் திருத்தியாயிற்று, பலகைதான் பாக்கி. தினமும் அதில் இறந்தவர்களின் மொத்தத்தை எழுதுகிற அலுவலகப் பெண்ணுக்கு இன்று கை ஓடவில்லை. இத்தனை மாதத்தில் அந்த எண்ணை அவள் ஏற்றித்தான் எழுதியிருக்கிறாள், ஒருநாளும் இறக்கியதில்லை. மார்க்கரின் மூடியைத் திறந்து அவரிடமே நீட்டுகிறாள். “உங்க கையாலயே குறைச்சிடுங்கண்ணே.” தையல்காரர் கடைசியில் இருக்கும் ஒன்பதைக் கட்டைவிரலால் அழிக்கிறார். விரல் நீலமாகிறது. ரவிக்கைத் துணியில் கழுத்து வளைவு வெட்டுகிற நிதானத்தோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓர் எட்டு போடுகிறார். விசைப்பலகைகளின் தட்டல் நின்று அறை முழுக்கக் கைதட்டல் எழுகிறது. “வீட்டுல ஒரு வேலை சொன்னா காதுலயே வாங்க மாட்டாரு. இங்க பாருங்க, என்னமா உழைக்கிறாரு!” என்கிறாள் மனைவி. எல்லோரும் சிரிக்கிறார்கள். தையல்காரர் மட்டும் மார்க்கரைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல், எட்டுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் மற்ற இலக்கங்களைப் பார்க்கிறார். “இதுலயும் கொஞ்சம் குறைக்க முடியாதாம்மா?”