ஏழாவது தூண்

திராட்சைப் பந்தலின் கல்தூண்களுக்கு இடையே ராஜா முகம்மது நடந்து வருகிறார். இலை இடுக்கில் ஒழுகும் காலை வெயில் அவர் சட்டையில் புள்ளிபுள்ளியாக ஏறி இறங்குகிறது. ஏழாவது தூணருகே பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்தபடி அவர் மனைவி ரம்லத் நிற்கிறாள். "வாயக் குவிச்சு ஊதுங்க. மெதுவா. நர்சம்மா சொன்னாகல்ல?" ஊதுகிறார். நெஞ்சுக்குள் விசிலடிக்கிறது. ரோட்டில் கேரள எஸ்டேட்டுக்குப் போகும் ஜீப் ஹாரன் அடித்துக் கடந்த பிறகும் அந்த விசில் ஓயவில்லை. பூச்சிமருந்து மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு, மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல், இருபது வருடம் இதே பந்தலுக்கடியில் ஓடி ஓடி மருந்தடித்த மனிதர், ஐந்தாவது தூணைக் கட்டிப்பிடித்து நிற்கிறார். தோள் காதுவரை ஏறுகிறது. கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வருகிறது. மூச்சு வாங்கினாலும் நடக்கவிடுங்கள், வாரம் ஒரு தூண் கூட்டுங்கள் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ரம்லத்தால் பார்த்துக்கொண்டு நிற்க முடிவதில்லை. பத்தாவது தூணில் கிடந்த நாற்காலியை, அவருக்குச் சொல்லாமல், நாளுக்கொரு தூணாக இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டே வருகிறாள். ஒருவழியாக வந்து உட்கார்கிறார். "இன்னிக்கு வெரசா வந்துட்டீக," என்கிறாள். அவர் முந்தாநாள் தண்ணீர் பாய்ந்த ஈரமண்ணில், எட்டாவது தூணருகே, நாற்காலிக்கால் பதிந்த நான்கு குழிகளைப் பார்க்கிறார். எல்லாத் தூணும் அவர் கையால் நட்டவை. ரம்லத் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு குனிகிறாள். "நாளைக்கு..." அவருக்கு மூச்சு அறுந்துபோகிறது. வாயைக் குவித்து ஊதுகிறார். "நாளைக்கு ஆறாவதுலயே போட்டுரு."