அப்பாவுக்கு ஆறு மார்க்

"அந்த ஒன்பதை எங்கிட்ட கொடுத்துடுங்க சார். கால்ல வேணும்னாலும் விழறேன்."

பழைய விளையாட்டுக் கார்டுகள் விற்கும் கடைக்காரர் பதறிப்போய், முதலில் உட்காரச் சொன்னார்.

வந்தவன் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். அவனுடைய அப்பா ஒரே ஒரு வருடம் கோல்கீப்பராக ஆடியவர். அந்த வருடம் சூயிங்கம் பாக்கெட்டோடு வந்த கார்டு ஒன்றில் அவர் படம் உண்டு. கார்டு எவ்வளவு பழுதில்லாமல் இருக்கிறது என்று பார்த்து மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனத்தின் கணக்குப்படி, அதில் மிஞ்சியவை இரண்டே இரண்டு. ஒன்றுக்குப் பத்துக்கு ஒன்பது, இன்னொன்றுக்கு ஆறு. அவன் அலையாய் அலைந்து வாங்கியது ஆறு. ஒன்பது இந்தக் கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தான்.

அம்மா படுத்த படுக்கையான பிறகு அதைக் கொண்டுபோய்க் காட்டினான். அவள் படத்தைப் பார்க்காமல் பிளாஸ்டிக் பெட்டியின் மேலிருந்த எண்ணை முறைத்தாள்.

"உங்கப்பாவுக்கு ஆறு மார்க்தானா? எவன்டா போட்டது?"

அன்றிலிருந்து அதே புலம்பல்தான். படத்தில் அப்பாவின் நெற்றியோரம் ஒரு சின்னக் கறை, மார்க் குறைந்தது அதனால்தான், அப்பாவால் இல்லை என்று அவன் எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை.

"டாக்டர் கையை விரிச்சுட்டார் சார். கண்ணை மூடறதுக்குள்ள அம்மா அப்பாவை ஒன்பதா பாக்கட்டும்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒன்பது எங்கிட்டதான் இருந்துச்சு தம்பி. பத்து வாங்கிடலாம்னு பேராசைப்பட்டு, பெட்டியை உடைச்சு மறுபடி அனுப்பினேன். அதே கார்டு, அதே கறை, அதே நிறுவனம். மார்க் போடறவன் அன்னைக்கு வீட்டுல திட்டு வாங்கிட்டு வந்தானோ என்னமோ, ஆறு போட்டுட்டான். வெறுத்துப்போய் வித்துட்டேன். பழைய ஒன்பதை அவங்க கணக்குலேர்ந்து எடுக்கவே இல்லை."

"அப்ப ரெண்டாவது கார்டு?"

"ரெண்டாவதுன்னு ஒண்ணு கிடையாது. உங்கிட்ட இருக்கிறதுதான் அந்த ஒன்பது. போய் அம்மாகிட்ட சந்தோஷமா சொல்லு."

வந்தவன் எழுந்திருக்கவில்லை. அம்மாவின் கண்ணில் படாமல் சட்டைப்பையிலேயே வைத்துச் சுமந்த கவரை எடுத்து, மேஜைமேல் பிரித்தான்.

கறை போனால் மார்க் ஏறும் என்று, போன வாரம் அவனே பெட்டியை உடைத்து ஈரத்துணியால் துடைத்த கார்டு. கையுறையும் கோல் வலையும் அப்படியே இருந்தன. அப்பாவின் முகம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.