ஸ்டாப்வாட்ச்சின் வயிற்றெரிச்சல்

நீச்சல் குளத்துச் சுவரில் மாட்டியிருந்த தொடுபலகையைக் கண்டாலே ஸ்டாப்வாட்ச்சுக்கு வயிறு எரியும். வீரர்களின் கை பட்டதும் பலகை சொல்லும் நேரம் பெரிய திரையில் மின்னும். ஸ்டாப்வாட்ச் எடுத்த நேரமோ, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சீட்டில் ஏறி, பிறகு குப்பைக்குப் போகும்.

"எல்லார் கையிலயும் அறை வாங்கிப் பிழைக்கிறவனுக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்றது ஸ்டாப்வாட்ச்.

"நான் தவறினா நீங்கதானே அண்ணே கைகொடுக்கணும்," என்றது பலகை.

"தவறித்தான் தொலையேன்!"

இறுதிப் போட்டியில் அது நடந்தது. முதலாவதாக வந்த பெண் தொட்டதைப் பலகை உணரவில்லை. திரையில் அவள் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை.

"ஒழிந்தான்!" என்று துள்ளியது ஸ்டாப்வாட்ச்.

நடுவர் ஓடி வந்து ஸ்டாப்வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தார். பலகையையே முறைத்துக்கொண்டிருந்ததில், அவள் தொட்ட நொடியில் நேரம் எடுப்பவரின் கட்டைவிரல் தன்னை அழுத்தியதை அது கவனிக்கவே இல்லை. தண்ணீரில் நின்று அந்தப் பெண் அண்ணாந்து பார்க்க, ஸ்டாப்வாட்ச் இன்னும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.