காலி இருக்கைகளின் சிரிப்பு

மகாஜனங்களுக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு: ஹாலிவுட்டில் ஆகஸ்ட் மாத வெயிலில், சோப்பு நுரைப் பனி கொட்ட, கிறிஸ்துமஸ் பிறந்துவிட்டது.

நகைச்சுவைத் தொடரில் பதினோரு வருடமாக அசட்டு அப்பாவாக நடிக்கும் வெர்னனுக்கு மூட்டு வலி. இந்தக் கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி படுத்துவிட்டால் தொடரை நிறுத்திவிடுவார்கள். வீட்டில் காலை நீட்டி உட்காரலாம். அவருடைய ஆசை அது ஒன்றுதான்.

நாடே அழுது பார்த்த ஒரு பழைய படத்தின் கேலிதான் இந்தச் சிறப்புப் பகுதி. அப்பா பிறக்காமலே போயிருந்தால் ஊர் எப்படி இருக்கும் என்று தேவதை காட்டுகிறது. ஊர் அமோகமாக இருக்கிறது.

மதிய ஒத்திகையில், "என்னை யாருமே தேடலையா?" என்று கேட்டுவிட்டு வெர்னன் நின்றுவிட்டார்.

"என்ன வெர்னன், வசனம் மறந்துபோச்சா?" என்றார் இயக்குநர் மார்சி.

"சிரிப்பு அடங்கட்டும்னு நிக்கிறேன்."

"யாருய்யா சிரிச்சா? ஒரு ஈ காக்கா இல்லையே!"

இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

மாலையில் படப்பிடிப்பைப் பார்க்க வந்த ரசிகர்களால் கூடம் நிறைந்தது. அந்த வசனத்துக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. வெர்னன் மனதுக்குள் கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

மறுநாள் ஒலிப்பதிவாளர் டேல் ஒரு பதிவை ஓட்டினார். கூடமே குலுங்கும் சிரிப்பு. வெர்னன் காத்து நின்ற அதே அளவு நீண்டு, அடங்கியது.

"நேத்து சாயங்காலமா?" என்றார் மார்சி.

"இல்ல மேடம், மத்தியானம். மைக்கை அணைக்க மறந்துட்டேன்."

மார்சி களைப்போடு கண்களைக் கசக்கிக்கொண்டார்.

"சாயங்கால வசனத்துக்குப் பின்னால அதையே ஒட்டிடு."

"யாரு சிரிச்சாங்கன்னு..."

"நமக்கெதுக்கு?"

தொடர் மேலும் மூன்று வருடங்களுக்கு நீட்டிக்கப்பட்டது.