இரண்டாவது டம்ளர்

உள்ளே தாழிட்டுக்கிடக்கும் எந்தக் கதவின் முன் போய் நின்றாலும், தற்கொலைத் தடுப்பு மையத்தின் அந்த நர்ஸ் முதலில் கேட்பது தண்ணீர்தான். உயிரே வேண்டாம் என்று உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும், தாகம் என்று வந்தவரிடம் இல்லை என்று சொல்ல மனம் வராது. தண்ணீர் எடுக்க எழுந்து நடந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆறு வருடத்தில் ஒரே ஒரு கதவுதான் திறக்கவில்லை. அது போன வருடம், ஒரு கல்லூரிப் பெண்ணுடையது; உடைத்து உள்ளே போனபோது அவள் உயிரோடு இல்லை.

இன்று மதியம் மாடி அறையில் ஒருவன். மூன்று நாளாகத் தம்பி கதவைத் திறக்கவில்லை என்று அவனுடைய அண்ணன் போன் செய்திருந்தார்.

"தம்பி, வெயில் மண்டையப் பொளக்குது. ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?"

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. அவன் இரண்டு டம்ளரோடு நின்றான்.

"நான் ஒருத்திதானேப்பா வந்திருக்கேன்?"

"இது உங்க பின்னாடி நிக்கிற பொண்ணுக்கு. கதவத் திறன்னு அவதான் சொன்னா. அன்னைக்கு நீங்க எவ்வளவோ கேட்டும் அவதான் திறக்கலையாம்."

நர்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. தன் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அவனைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றிவிட்டு, மறந்த பையை எடுக்க ஆளில்லாத மாடிக்கு வந்தாள்.

அவன் வாசலில் தண்ணீரோடு வைத்துவிட்டுப் போன இரண்டாவது டம்ளர், கழுவிய ஈரத்தோடு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.