கொத்தமல்லிக்குப் போகும் கார்

"மாமா, கொத்தமல்லி வாங்கியாரப் போறேன். உங்களுக்கு எதுனா வேணுமா?"

வாசலில் நின்று கேட்டவன் சிவராஜ். வீரபாகுவின் மனைவி அம்சவேணிக்கு ஒரே தம்பி. அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறான்.

"ஒண்ணும் வேணாம்" என்றார் வீரபாகு. வீட்டின் முன்பக்கமே அவருடைய பட்டுப்புடவைக் கடை. மடித்த புடவையையே மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நிமிடம் தெரு அதிர்ந்தது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அதன் விலையை பெரிய காஞ்சிபுரத்தில் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அதில்தான் அவன் கொத்தமல்லிக்குப் போவான், இஸ்திரிக்குத் துணி போடப் போவான், முடி வெட்டிக்கொள்ளவும் போவான். போன வாரம் பக்கத்து சீட்டில் ஒரு பலாப்பழத்தை வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டு ஊரைச் சுற்றி வந்தான்.

வீரபாகு போவது பழைய மொபெட்டில்.

தெருமுனை வேகத்தடையில் காரின் அடிப்பாகம் கரகரவென்று உரசியது. வீரபாகு கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

"எப்படி ஏத்தறான் பாரு. பொத்திப் பொத்தி வெச்சிக்க வேண்டிய வண்டி. அதுல போய் கொத்தமல்லி."

"கார்னா ஓட்டத்தான் செய்வாங்க" என்றாள் அம்சவேணி உள்ளேயிருந்து. "சும்மா நிறுத்தி வெச்சா பேட்டரி எறங்கிடுமாம். உங்களுக்கு ஏன் எரியுது?"

எரியாமல் என்ன செய்யும்? முன்பெல்லாம் அவனை 'வீரபாகு மச்சான்' என்றுதான் தெருவில் சொல்வார்கள். கார் வந்த பிறகு இவரை 'கார்க்கார சிவராஜோட மாமா' என்கிறார்கள். ஜரிகைக் கமிஷனில் பையன் கொழிக்கிறான் என்று பேச்சு. ஒரு நாள் அவனே "ஏறுங்க மாமா, ஒரு ரவுண்டு போலாம்" என்று கூப்பிட்டான். ஆசைப்பட்டு ஏறினார். டீக்கடையில் எவனோ "மாமாவுக்கு ஓசி சவாரி" என்று சிரித்தான். அதோடு சரி, அந்தப் பக்கத்து சீட்டில் அவர் உட்காரவே இல்லை. பொறாமை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். வயிற்றெரிச்சல் என்றால் மட்டும் மாத்திரை போட்டுக்கொள்வார்.

கடையின் ஓரத்தில் நெசவாளி அர்ஜுனன் உட்கார்ந்திருந்தான். நெய்த புடவையைக் கொடுத்துவிட்டு, வெகுநேரமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"மொதலாளி, மத்த கடைங்கள்ல எல்லாம் கூலிய ஏத்திட்டாங்க. நீங்களும் பாத்து எதுனா..."

"யாவாரம் எங்கப்பா இருக்குது? மொபெட்டுக்கு டயர் மாத்த வழியில்லாம நானே ஓட்டிக்கினு இருக்கேன்."

அர்ஜுனன் மறுபடியும் தலையைச் சொறிய ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் ஏகாம்பரம், கோயில் விழாக் கமிட்டித் தலைவர். வீரபாகு புடவையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பங்குனி உற்சவத்தில் அவர்கள் தெருவின் மண்டகப்படி அன்று, சாமிக்கு முன்னால் ஒருவர் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அவருடைய அப்பாவுக்குக் கட்டியிருக்கிறார்கள். தன் தலைக்கு எப்போது வரும் என்று வருஷா வருஷம் காத்துக் கிடந்தார் வீரபாகு. 'அடுத்த தடவை உனக்குத்தான்' என்று போன வருஷம் ஏகாம்பரமே வாக்குக் கொடுத்திருந்தார்.

"வாங்கண்ணா, உக்காருங்க. அம்சு, காபி எடுத்தா."

"பரிவட்ட விசயமாதான் வந்தேன்பா. கமிட்டில எல்லாரும் ஒரே முடிவா சொல்லிட்டாங்க."

வீரபாகு தலையை லேசாகக் குனிந்தேவிட்டார்.

"உன் மச்சானுக்குக் கட்டலாம்னு. நீ ஒரு வார்த்தை சொன்னா சிவராஜ் தட்ட மாட்டான்."

குனிந்த தலை அப்படியே நின்றது. "அண்ணா, போன வருசம் என்கிட்ட நீங்க..."

"சொன்னேன், இல்லேங்கல. ஆனா அன்னிக்கி ஆவற செலவு மொத்தமும் பரிவட்டம் கட்டறவன் தலையிலதானே உழும்? நீ பாவம், மொபெட்டுல போய்க்கினு இருக்கற ஆளு. உன்மேல பாரத்த ஏத்த எங்களுக்கே மனசு வரல. அவன் கொத்தமல்லிக்கே அந்தக் கார்ல போறான். சாமிக்குன்னா செய்ய மாட்டானா?"

வீரபாகுவுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. "அந்தக் கார் இருக்குதே, அந்தக் கார்..."

"அந்தக் காருக்கு இன்னா மொதலாளி?" என்று நிமிர்ந்து பார்த்தான் அர்ஜுனன்.

வீரபாகு சட்டென்று புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். "ஒண்ணுமில்லப்பா. நல்லா ஓடுது."

ஏகாம்பரம் காபியைக் குடித்துவிட்டு, மச்சானிடம் மறக்காமல் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டு கிளம்பினார். அர்ஜுனனும் எழுந்தான்.

"மனச உட்டுடாதீங்க மொதலாளி. உங்க நெலம தெரியாம கேட்டுட்டேன். பழைய கூலியே குடுங்க, போதும். மத்த தறிக்காரங்க கிட்டயும் நானே எடுத்துச் சொல்றேன்."

அவன் தெருமுனையைத் தாண்டிப் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, வீரபாகு வீட்டுக்குள் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஏகாம்பரம் அண்ணன்கிட்ட உள்ளத சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?" என்றாள் அம்சவேணி.

"எப்படிச் சொல்றது? அர்ஜுனன் எதிர்லயே உக்காந்துக்கினு இருக்கான்." வீரபாகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு வசதி இருக்குதுன்னு தெரிஞ்சா அத்தினி தறிக்காரனும் கூலிய ஏத்திக் கேப்பான்னுதானே, ஆசை ஆசையா வாங்கின என் கார உன் தம்பி பேர்ல எழுதி வெச்சிட்டு நான் மொபெட்டுல சுத்திக்கினு இருக்கேன்."